கூலரைப் பெருசாக்கறதுக்கு முன்னாடி சூடு எங்கேருந்து வருதுன்னு பாருங்க

மெஷினை ஸ்டார்ட் பண்ணி ஒரு மணி நேரம்கூட முழுசா ஆகல, டேங்க்ல ஆயில் 84 டிகிரி காட்டுச்சு. நான் முதல்லேருந்து கடைசி வரைக்கும் தனியா வரைஞ்ச முதல் ஹைட்ராலிக் சர்க்யூட் அது. மரத்துண்டு தூக்கி வண்டில அடுக்கற லோடர். ஒரு கியர் பம்ப், மூணு லிவர் இருக்கற வால்வு, லிஃப்ட் சிலிண்டர் ஒண்ணு, ஆர்ம் சிலிண்டர் ஒண்ணு, சுத்தறதுக்கு ஒரு ஸ்விங் மோட்டார், அவ்ளோதான் மொத்தமே. பேப்பர்ல பாத்தா அவ்ளோ சுத்தமா, சிம்பிளா இருந்துச்சு, இதுக்கு மேல இதுல எடுக்க ஒண்ணுமே இல்லன்னுதான் நினைச்சேன்.

சுத்தி நின்ன எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க, கூலர் பத்தல, பெருசா போடுன்னு. எனக்கும் அதான் தோணுச்சு. ஆனா கூலர் ஆர்டர் பண்ணணும்னா சப்ளையர் முதல்ல கேக்கற கேள்வி, எத்தனை கிலோவாட் சூட்டை வெளியேத்தணும்ங்கறதுதான். அந்த ஒரு கட்டத்தை ஃபில் பண்றதுக்காக உக்காந்து கணக்கு போட்டேன் பாருங்க, அன்னிக்குத்தான் நான் வரைஞ்ச சர்க்யூட் என்னன்னே எனக்குப் புரிஞ்சுது.

கணக்கு ரொம்ப சின்னது. பிரஷரை பார்லயும் ஃப்ளோவை நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னும் எடுத்துக்கோங்க, ரெண்டையும் பெருக்கி 600ஆல வகுத்தா கிலோவாட் வந்துடும். என் பம்ப் ஒரு சுத்துக்கு 40 சிசி, இன்ஜின் 1800 ஆர்பிஎம், உள்ள லீக்கேஜ் எல்லாம் கழிச்சா நிமிஷத்துக்கு 67 லிட்டர் வருது. பிரஷர் அளவு மீறினா திறந்து ஆயிலை டேங்க்குக்கு விடற ரிலீஃப் வால்வை 200 பார்ல செட் பண்ணிருந்தேன். இப்ப ஸ்விங் மோட்டாருக்கு 67 லிட்டரும் போனா மெஷின் ரங்கராட்டினம் மாதிரி சுத்தும், அதனால அந்த லைன்ல ஒரு த்ராட்டில் வால்வு போட்டு 20 லிட்டருக்குக் கட்டுப்படுத்தி வெச்சிருந்தேன். ஸ்விங்குக்குத் தேவைப்பட்ட பிரஷர் 60 பார்தான்.

அப்போ மிச்ச 47 லிட்டர் எங்க போகும்? பம்ப்லேருந்து வெளிய வந்த ஆயில் எங்கயாவது போய்த்தான் ஆகணும், அதுக்கு இருக்கற ஒரே வழி ரிலீஃப் வால்வு, அது திறக்கணும்னா 200 பார் வேணும். அதனால ஆபரேட்டர் சும்மா மெதுவா சுத்தறப்போகூட பம்ப் 200 பார்ல மூச்சு முட்ட ஓடிட்டு இருந்திருக்கு. இன்ஜின்லேருந்து உள்ள போறது 22 கிலோவாட், ஸ்விங் மோட்டார் வாங்கிக்கறது வெறும் 2 கிலோவாட். ரிலீஃப் வால்வு வழியா கிட்டத்தட்ட 15.7, த்ராட்டில் வழியா 4.7, ஆக 20 கிலோவாட் நேரா சூடாகி டேங்க்குக்குப் போகுது. 100 லிட்டர் ஆயில்ல 20 கிலோவாட் ஏத்தினா நிமிஷத்துக்கு 7 டிகிரி கிட்ட ஏறும். இந்த மாதிரி லோடர்ல வேலை நேரத்துல பாதி ஸ்விங்தான். 84 டிகிரியோட நின்னதுக்கு அந்த சின்ன கூலருக்குத்தான் நன்றி சொல்லணும்.

பெரிய கூலர் போட்டிருந்தா டெம்பரேச்சர் இறங்கியிருக்கும்தான். ஆனா அந்த 20 கிலோவாட்டும் டீசலை எரிச்சு உண்டாக்கினது, அதை வெளிய தள்ள இன்னொரு ஃபேன், அந்த ஃபேனை ஓட்ட இன்னும் கொஞ்சம் பவர்.

சரி எப்படி மாத்தினேன்னா, முதல்ல பைபாஸ் டைப் ஃப்ளோ கன்ட்ரோல் போடலாம்னு பாத்தேன். அது மிச்ச ஆயிலை 200 பார்ல தள்ளாம, லோடு பிரஷருக்கு ஒரு 10 பார் மேல இருக்கறப்பவே டேங்க்குக்கு விட்டுடும், அப்போ பம்ப் 70 பார்ல ஓடும், 22 கிலோவாட் 8 கிலோவாட்டுக்கு வந்துடும். நல்ல முன்னேற்றம்தான், ஆனா அதுலயும் 6 கிலோவாட் கிட்ட வீண். அப்புறம்தான் கேள்வியையே மாத்திக் கேட்டேன், 20 லிட்டர் தேவைப்படற இடத்துக்கு எதுக்கு 67 லிட்டர் அனுப்பறோம்? ஒரே ஷாஃப்ட்ல ரெண்டு பம்ப் இருக்கற டேண்டம் கியர் பம்ப் போட்டேன், 12 சிசி ஒண்ணு, 28 சிசி ஒண்ணு. சின்னது ஸ்விங்குக்கு 20 லிட்டர் குடுக்கும், பெருசு லிஃப்ட்டுக்கும் ஆர்முக்கும் 47 குடுக்கும். ஸ்விங் சும்மா இருக்கறப்போ அதோட வால்வு சென்டர் வழியா வர்ற ஆயில் அடுத்த வால்வுக்குப் போய்ச் சேர்ந்துக்கற மாதிரி பைப் பண்ணிட்டேன், அதனால தூக்கற வேகமும் குறையல. இப்ப சுத்தறப்போ பைப் லாஸோட சேத்து சின்ன பம்ப்ல 2.3 கிலோவாட், பெரிய பம்ப் சும்மா 8 பார்ல சுத்தி வர்றதுக்கு 0.6, மொத்தம் 3 கிலோவாட்டுக்குள்ள. ஸ்விங் கிளம்பற அந்த ஒரு நொடில ரிலீஃப் கொஞ்சம் திறக்கும்தான், அது ஒண்ணும் பெருசு இல்ல.

கவனிச்சீங்கன்னா த்ராட்டில் வால்வு போயிடுச்சு, ரெண்டாவது பம்புக்காக ஒரு ரிலீஃப் வால்வு கூடிடுச்சு. பாகத்தை எண்ணிப் பாத்தா முன்னாடி இருந்ததைவிட குறைச்சல்னு சொல்ல முடியாது. ஆனா சர்க்யூட் நிஜமாவே சிம்பிள் ஆச்சு. அன்னிலேருந்து சிம்பிள்ங்கற வார்த்தைக்கு நான் வெச்சிருக்கற அர்த்தம் இதான்: பிரஷரை உண்டாக்கி அதைப் பயன்படுத்தாம தூக்கிப் போடற இடம் எத்தனை இருக்கு? அதைக் குறைங்க. பாகம் குறையறது தானா நடக்கும், சில சமயம் நடக்காது, அதுக்காகக் கவலைப்பட வேண்டாம்.

சூடு சும்மா பவர் வேஸ்ட் மட்டும் இல்லங்க, மெஷின் வேலை செய்யற விதத்தையே மாத்திடும். 46 கிரேடு ஆயில்னா 40 டிகிரில அதோட விஸ்காசிட்டி, அதாவது கெட்டித்தன்மை, 46 சென்டிஸ்டோக்ஸ். 84 டிகிரில அது 10 கிட்ட வந்துடும். ஆயில் தண்ணி மாதிரி ஆனா பம்புக்குள்ள லீக்கேஜ் கூடும், லிஃப்ட் மெதுவாகும், ஆபரேட்டர் என்ன பண்ணுவாரு, ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிப்பாரு, ஃப்ளோ கூடும், அதுல பாதி ரிலீஃப்ல போகும், இன்னும் சூடு. மெஷின் காலைல நல்லா ஓடுது, மதியத்துக்கு மேல வலு இல்லன்னு ஒரு ஆபரேட்டர் சொன்னா அவர் சொல்றதை அப்படியே நம்புங்க, அவர் சொல்றது இந்தச் சுழற்சியத்தான். பம்ப் போயிடுச்சுன்னு புதுசு மாட்டினா ஒரு மாசம் நல்லா இருக்கும், அப்புறம் அதே கதை. 80 டிகிரி தாண்டினா சீல் ரப்பர் எல்லாம் இறுகிப் போக ஆரம்பிக்கும், ஆயிலும் சீக்கிரம் கெட்டுப் போகும். நான் 50லேருந்து 60 டிகிரிக்குள்ள நிக்கணும்னு வெச்சுத்தான் இப்ப டிசைன் பண்றேன்.

இனிமே புதுசா ஒரு சர்க்யூட் வரைய உக்காந்தா பம்ப்லேருந்து ஆரம்பிக்கவே மாட்டேன். நிறைய பேர் கையில இருக்கற பம்பை வெச்சுட்டு அதுக்கு ஏத்த மாதிரி மத்ததைத் தேடறாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். லோடுலேருந்து ஆரம்பிக்கணும். என்ன வெயிட், எவ்ளோ தூரம், எத்தனை நொடில, ஒரு மணி நேரத்துல எத்தனை தடவை. இந்தக் கடைசி கேள்வியத்தான் யாரும் கேக்கறதில்ல, ஆனா சூட்டோட கணக்கு முழுக்க அதுலதான் இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டே தடவை தூக்கற ஜாக்குக்கு ரிலீஃப்ல எவ்ளோ போனாலும் பரவால்ல, அதுக்குப் போய் விலை கூடின பிஸ்டன் பம்ப் போடறது தேவையே இல்லாத வேலை.

அதுக்கப்புறம் சிலிண்டர். 100 எம்எம் போர், அதாவது உள்விட்டம், இருக்கற சிலிண்டரோட பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர், 200 பார்ல அது கிட்டத்தட்ட 16 டன் தள்ளும். ஆனா 200 பார் ரிலீஃப் வெச்ச சர்க்யூட்ல லோடு தூக்க 195 பார் வேணும்ங்கற மாதிரி சிலிண்டர் செலக்ட் பண்ணிடாதீங்க. ரிலீஃப் வால்வு அதோட செட்டிங்குக்கு முன்னாடியே கசிய ஆரம்பிக்கும், அதுலயும் ஸ்பிரிங் மட்டுமே நேரா பிடிச்சு மூடி வெக்கற டைரக்ட் ஆக்டிங் டைப்னா நல்லாவே முன்னாடி. மோசமான பொசிஷன்ல முழு லோடுக்கு 160, 170 பார்ல வேலை முடியணும், அப்பத்தான் ரிலீஃப் மூடியே இருக்கும். ரிலீஃப் வால்வு ஆபத்துக்குத்தான், தினசரி அது வழியா ஆயில் போகுதுன்னா டிசைன்ல எங்கயோ தப்பு இருக்குன்னு அர்த்தம்.

மோசமான பொசிஷன்னு சொன்னேன் இல்லையா, அதை கொஞ்சம் விளக்கணும், ஏன்னா இங்கதான் காசே செலவழிக்காம எஃபிஷியன்சி கிடைக்கும். சிலிண்டர் பூமை, அதாவது லோடைத் தூக்கற கையை, எந்தக் கோணத்துல தள்ளுதுங்கறதுதான் விஷயம். பூமுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல 30 டிகிரின்னா சிலிண்டர் தள்ளற பலத்துல பாதிதான் தூக்கறதுக்கு ஆகும், மிச்சம் பின்னை இழுத்து நசுக்கத்தான். அதே கோணம் 45 ஆனா 70 சதவீதம் வேலைக்கு வரும். பின் பொசிஷனைக் கொஞ்சம் நகத்தி இந்தக் கோணத்தைச் சரி பண்ணினா ஒரு சைஸ் சின்ன சிலிண்டர் போதும், அப்போ அதே வேகத்துக்கு ஃப்ளோ குறைச்சலா போதும், அப்போ பம்ப் சின்னது, ஹோஸ் சின்னது, டேங்க் சின்னது. கோணம் நல்லா வந்தா ஸ்ட்ரோக் கொஞ்சம் கூடும்தான், அதையும் கணக்குல எடுத்துக்கணும், ஆனா ஆரம்பத்துல மாட்டிக்கிட்டு திணறற அந்த ஒரு பொசிஷனுக்காக முழு சிஸ்டத்தையும் பெருசா கட்டறது தவிர்க்க முடியும். ஹைட்ராலிக் ஆளும் ஃபேப்ரிகேஷன் டிசைன் பண்றவரும் ஒரே டேபிள்ல உக்காந்து இதைப் பேசணும். பூம் ஃபைனல் ஆனப்புறம் டிராயிங்கைக் குடுத்து சிலிண்டர் மாட்டித் தாங்கன்னு சொன்னா பாதி வாய்ப்பு அங்கயே போச்சு.

சிலிண்டர்ல எல்லாரும் மறக்கற இன்னொரு விஷயம் ராடு. 100 போர்ல 56 எம்எம் ராடுன்னா ராடு பக்கம் பரப்பு 54 தான் இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணரை மடங்கு கிட்ட வித்தியாசம். சிலிண்டரை உள்ள இழுக்கறப்போ பம்ப் 67 லிட்டர் அனுப்பினா மறுபக்கத்துலேருந்து 98 லிட்டர் வெளிய வரும். வால்வு, ரிட்டர்ன் ஹோஸ், ரிட்டர்ன் ஃபில்டர் எல்லாம் 67க்குன்னு வாங்கி மாட்டினா உள்ள இழுக்கறப்போ எல்லாம் அங்க அடைச்சு பிரஷர் ஏறும், ஃபில்டரோட பைபாஸ் திறந்து ஆயில் வடிகட்டாமலே டேங்க்குக்குப் போகும், யாருக்கும் தெரியாது. ஒரு மெஷின்ல ஃபில்டர் எப்பவும் புதுசு மாதிரி சுத்தமா இருக்கேன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தோம், காரணம் இதான்.

அதே பரப்பு வித்தியாசம் இன்னொரு விதத்துலயும் கடிக்கும். பிஸ்டன் பக்கம் 200 பார் குடுத்து, ராடு பக்கம் வெளிய வர்றதை த்ராட்டில் வெச்சு அடைச்சீங்கன்னா, லோடே இல்லாட்டியும் ராடு பக்கம் 290 பார் நிக்கும். அந்தப் பக்கம் 250 பார் ஹோஸ் மாட்டிருந்தா அது எப்ப வெடிக்கும்னு எண்ணிட்டு இருக்கணும். ராடு இன்னும் தடிமன்னா இன்னும் மோசம்.

இப்ப லோடு சென்சிங் பத்தி. நிறைய பேர் கேக்கறாங்க, ஃப்ளோவைக் கூட்டிக் குறைச்சுக்கற வேரியபிள் பம்ப், லோடு எவ்ளோ பிரஷர் கேக்குதுன்னு அதுக்குச் சொல்ற லோடு சென்சிங் வால்வு எல்லாம் போட்டா எஃபிஷியன்சி தானா வந்துடுமேன்னு. வரும், ஒரு அளவுக்கு. எந்த ஃபங்ஷனுக்கு பிரஷர் அதிகமா வேணுமோ அதைவிட ஒரு 20 பார் மட்டும் கூட வெச்சு, தேவையான ஃப்ளோவை மட்டும் பம்ப் குடுக்கும், ரிலீஃப்ல கொட்டற வீண் நின்னுடும். ஆனா ரெண்டு ஃபங்ஷன் ஒரே நேரத்துல ஓடினா? லிஃப்ட்டுக்கு 180 பார்ல 40 லிட்டர், அதே நேரத்துல ஸ்விங்குக்கு 60 பார்ல 20 லிட்டர்னு வெச்சுக்கோங்க. பம்ப் 200 பார்ல 60 லிட்டர் குடுக்கும், 20 கிலோவாட். வேலைக்கு ஆனது 14. ஸ்விங் பக்கம் 200லேருந்து 60க்கு இறக்கறதுல மட்டும் 4.7 கிலோவாட் போகுது. என்னோட பழைய த்ராட்டில்ல போன அதே 4.7! அதனால ரெண்டு ஃபங்ஷன் எப்பவும் சேந்தே ஓடும், பிரஷர் எப்பவும் ரொம்ப வித்தியாசம்னா, எவ்ளோ நல்ல வால்வு போட்டாலும் ரெண்டு பம்புக்கு ஈடாகாது. எக்ஸ்கவேட்டர்ல, அதான் நாம எல்லாரும் பொக்லைன்னு சொல்றோமே, பெரும்பாலும் மெயின் பம்ப் ரெண்டு இருக்கறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம். (பொக்லைன்ங்கறது ஒரு பிரெஞ்சு கம்பெனியோட பேரு, மெஷினுக்கே பேரா நின்னுடுச்சு.)

ஆறு ஏழு ஃபங்ஷன், ஆபரேட்டர் எப்ப எதை எவ்ளோ அசைப்பாருன்னு சொல்ல முடியாது, நாள் முழுக்க ஓடணும், அந்த மாதிரி மெஷினுக்கு லோடு சென்சிங் போடுங்க, யோசிக்காதீங்க. ரெண்டு மூணு ஃபங்ஷன், எது எப்ப ஓடும்னு தெரியும்னா கியர் பம்பும் ஓபன் சென்டர் வால்வும் அவ்ளோ நல்ல ஜோடி. லிவரை விட்டா ஆயில் கம்மி பிரஷர்ல டேங்க்குக்குத் திரும்பிடும், எங்க ஃபால்ட்டுன்னு ஒரு மெக்கானிக் அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சுடுவாரு.

தூக்கறதைப் பத்தியே பேசிட்டு இருக்கோம், இறக்கறதுதான் கஷ்டமான பாதி. லோடு தன் வெயிட்லயே கீழ வரப் பாக்கும், அதை ஆயில் பிடிச்சு நிறுத்தணும். சிம்பிளா இருக்கட்டும்னு சிலர் பைலட் செக் வால்வு போடுவாங்க, அதாவது மறுபக்கத்து லைன்லேருந்து பிரஷர் சிக்னல் (பைலட்) வந்தாத்தான் ஆயிலைத் திரும்ப விடற வால்வு. நிறுத்தி வைக்க அது அருமையான வால்வு, ஒரு சொட்டு விடாது. ஆனா இறக்கறப்போ என்ன ஆகும்னா, பைலட் பிரஷர் வந்ததும் வால்வு முழுசாத் திறக்கும், லோடு பம்ப் குடுக்கற வேகத்தைவிட வேகமா விழும், மேல் பக்கம் பிரஷர் சட்டுனு காலியாகும், வால்வு டக்குனு மூடும், திரும்ப பிரஷர் ஏறும், திறக்கும். பூம் தடதடன்னு குலுங்கி இறங்கும், அந்த ஒவ்வொரு அடியும் பின்லயும் வெல்டிங்லயும் விழும். கீழ இழுக்கற லோடுக்கு, வெளிய போற ஆயிலை அளந்து விட்டு இறக்கற கவுன்டர்பேலன்ஸ் வால்வுதான், வேற பேச்சே இல்ல.

கவுன்டர்பேலன்ஸ்லயும் பைலட் ரேஷியோன்னு ஒண்ணு இருக்கு, வால்வைத் திறக்க பைலட் பிரஷர் லோடு பிரஷரைவிட எத்தனை மடங்கு பலமா வேலை செய்யுதுங்கற கணக்கு, அதை சும்மா கேட்லாக்ல முதல்ல இருக்கறதை எடுத்துடாதீங்க. அதிகபட்ச லோடு பிரஷர் 160 பார்னா வால்வை அதுக்கு 1.3 மடங்கு, 208 பார்ல செட் பண்ணணும். இப்ப பூம் காலியா இருக்கு, லோடு பிரஷர் வெறும் 40 பார்தான். என் 100க்கு 56 சிலிண்டர்ல, 3க்கு 1 ரேஷியோ வால்வுன்னா அந்தக் காலி பூமை இறக்கறதுக்கே பம்ப் 46 பார் குடுக்கணும். 8க்கு 1னா 19 பார் போதும். தானா கீழ வர்ற பூமை நாம டீசல் செலவு பண்ணித் தள்ளி இறக்கறோம், அதுவும் லோடு குறைய குறைய அதிகமாத் தள்ளறோம்! அப்போ எல்லாத்துக்கும் 8க்கு 1 போட்டுடலாமான்னா அதுவும் இல்ல, நீளமான பூம், ஆடற லோடுன்னா பெரிய ரேஷியோ வால்வு ஊசலாட ஆரம்பிச்சுடும். கட்டையான, உறுதியான பூமுக்குப் பெரிய ரேஷியோ, நீளமா வளையற பூமுக்குச் சின்ன ரேஷியோ, இப்படித்தான் நான் எடுக்கறேன். வால்வை நேரா சிலிண்டர் போர்ட்லயே மாட்டணும், நடுவுல ஹோஸ் வரவே கூடாது. ஹோஸ் வெடிச்சா லோடு அந்த இடத்துலயே நிக்கணும், கீழ யாராவது இருக்கலாம்.

இறக்கறப்போ வர்ற எனர்ஜியை அக்குமுலேட்டர்ல, அதாவது ஆயிலைப் பிரஷரோட சேத்து வெக்கற சிலிண்டர் மாதிரியான பாத்திரத்துல, சேமிச்சு திரும்ப பயன்படுத்தலாமேன்னு ஆர்வமா கேக்கறவங்க இருக்காங்க, பெரிய மெஷின்ல அது நிஜமாவே நல்ல யோசனை. ஆனா முதல்ல கணக்குப் பாருங்க. 2 டன்னை 2 மீட்டர் இறக்கினா 39 கிலோஜூல், நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னா சராசரியா 0.65 கிலோவாட். என் ரிலீஃப் வால்வுல போனது 15.7. பெரிய ஓட்டையை விட்டுட்டு சின்ன ஓட்டையை அடைச்சா தொட்டி நிறையாது.

பைப், ஹோஸ் சைஸுக்கு ஒரு சின்ன ஃபார்முலா: ஃப்ளோவை 21.2ஆல பெருக்கி, உள்விட்டம் எம்எம்ல எடுத்து அதோட வர்க்கத்தால வகுத்தா ஆயில் வேகம் மீட்டர் பர் செகண்ட்ல வரும். பிரஷர் லைன்ல 5க்குள்ள, ரிட்டர்ன்ல 2, 3க்குள்ள, சக்ஷன்ல (டேங்க்லேருந்து பம்புக்கு வர்ற பைப்) 1க்குள்ள வெச்சுக்கறேன். 67 லிட்டருக்கு 19 எம்எம் ஹோஸ்னா 4 மீட்டர் கிட்ட, நல்லா இருக்கு. 12.7 எம்எம் போட்டா 9 கிட்ட, ஹோஸே ஹீட்டர் ஆயிடும்.

ஆனா என்னைக் கேட்டா முழு சர்க்யூட்லயும் ஒரே ஒரு பைப்பை மட்டும் கவனமா செய்யலாம்னா அது சக்ஷன் பைப்தான். மத்த எல்லா இடத்துலயும் பம்ப் தள்ளும், இங்க மட்டும் வெளிக் காத்தோட அழுத்தம்தான் ஆயிலை உள்ள தள்ளணும், அதுகிட்ட இருக்கறதே 1 பார்தான். இன்லெட்ல 0.8 பார் அப்சல்யூட்டுக்கு (வெற்றிடத்தை 0ன்னு வெச்சு அளக்கறது) கீழ போகக் கூடாதுன்னு நிறைய கியர் பம்ப் கேட்லாக்ல போட்டிருப்பாங்க, அப்போ நமக்கு செலவழிக்க இருக்கறது 0.2 பார். 25 எம்எம் ஹோஸ், ரெண்டு எல்போ, டேங்க்குக்குள்ள ஒரு ஸ்ட்ரெய்னர், காலைல குளுர்ல கெட்டியா இருக்கற ஆயில், முடிஞ்சுது. மினரல் ஆயில்ல கன அளவுல 9 சதவீதம் கிட்ட காத்து கரைஞ்சிருக்கும், அழுத்தம் குறைஞ்சா சோடா மாதிரி வெளிய வரும், அந்தக் குமிழி எல்லாம் பிரஷர் பக்கம் போய் உடையறப்போ பம்ப் மெட்டலைக் கொத்திக் கொத்தி எடுக்கும். அந்த சத்தம் ஒரு தடவை கேட்டா மறக்காது, கிறீச்சுன்னு ஒரு சீரான ஊளை. அதுவே கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி சத்தம் வந்து டேங்க்ல ஆயில் பால் மாதிரி நுரைச்சா, வெளிக் காத்து எங்கயோ உள்ள இழுக்குது, பெரும்பாலும் சக்ஷன் கிளாம்ப். ஒவ்வொரு ஜாயின்ட்லயும் கொஞ்சம் ஆயில் தடவிப் பாருங்க, எங்க தடவினா சத்தம் மாறுதோ அங்கதான்.

அதனால சக்ஷன் குட்டையா, நேரா, பெருசா. 67 லிட்டருக்கு 40 எம்எம். முடிஞ்சா டேங்க்கை பம்புக்கு மேல வைங்க. டேங்க்ல ரிட்டர்ன் பைப் ஆயில் மட்டத்துக்குக் கீழ முடியணும், ரிட்டர்னுக்கும் சக்ஷனுக்கும் நடுவுல ஒரு தடுப்புத் தகடு, வந்த ஆயில் அப்படியே திரும்ப உள்ள போகாம கொஞ்ச தூரம் சுத்திப் போகணும், அப்பத்தான் காத்து மேல வந்து பிரியும். பிஸ்டன் பம்ப்னா கேஸ் டிரெயின் லைனை, அதாவது பம்ப் கூட்டுக்குள்ள கசியற ஆயிலை வெளிய எடுக்கற பைப்பை, தனியா நேரா டேங்க்குக்கு எடுங்க, மெயின் ரிட்டர்ன்ல சேத்தீங்கன்னா அங்க பிரஷர் ஏறுறப்போ ஷாஃப்ட் சீல் பிதுங்கி வெளிய வரும். முதல் தடவை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த கேஸ்ல ஆயில் ஊத்தி நிரப்பணும், இதை மறந்து காய்ஞ்ச பம்பை ஓட்டி சில நிமிஷத்துல புது பம்பை முடிச்சதை என் கண்ணால பாத்திருக்கேன்.

டெஸ்ட் பாயின்ட் வைங்க. பம்ப் அவுட்லெட்ல ஒண்ணு, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒண்ணு, லோடு சென்சிங்னா அந்த சிக்னல் லைன்ல ஒண்ணு. மொத்த மெஷின் செலவுல அது ஒண்ணுமே இல்ல, ஆனா இது இல்லாததால மெக்கானிக் ஹோஸைக் கழட்டிக் கழட்டிப் பாக்கறாரு, கழட்டற ஒவ்வொரு தடவையும் மண்ணு உள்ள போகுது. கேஜோட ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரும் இருந்தா போதும், எந்த வால்வு பக்கத்துல இருக்கறதைவிட சூடா இருக்கோ அங்க ஆயில் வீணா போகுது.

இன்னொண்ணு, இதைத் தயவுசெஞ்சு எல்லாருக்கும் சொல்லுங்க. ஹோஸ்ல ஊசி முனை ஓட்டை இருந்தா கையை வெச்சுத் தடவிப் பாக்கவே கூடாது. அந்த பிரஷர்ல வர்ற ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், வெளிய சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதல்ல பெருசா இருக்காது, ஆனா உள்ள சதை அழுக ஆரம்பிச்சுடும். லேட் பண்ணினா விரலையோ கையையோ எடுக்க வேண்டியிருக்கும். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்க. ஆயில் ஏறிடுச்சுன்னு சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி, ஹைட்ராலிக் ஆயில் உள்ள போச்சுன்னு டாக்டர்கிட்ட தெளிவா சொல்லணும்.

கடைசியா அழுக்கு. பம்புக்குள்ள, வால்வுல நகர்ற ஸ்பூலைச் சுத்தி இருக்கற கேப் எல்லாம் சில மைக்ரான்தான், நம்ம கண்ணுக்குத் தெரியற துகளே 40 மைக்ரான் கிட்ட. அதனால கண்ணுக்கு ஆயில் சுத்தமா இருக்குன்னா ஒண்ணும் அர்த்தமில்ல. பேரல்லேருந்து வர்ற புது ஆயிலையே நான் ஃபில்டர் வழியாத்தான் டேங்க்ல விடறேன். ஃபில்டர் 10 மைக்ரான், ரிட்டர்ன்ல, அடைப்பு காட்டற இண்டிகேட்டரோட. டேங்க்குக்கு மேல நல்ல பிரீதர், ஏன்னா சிலிண்டர் வெளிய போறப்போ எல்லாம் டேங்க் மூச்சு இழுக்கும், தூசிக்கு நடுவுல வேலை செய்யற மெஷின் அது.

அந்த லோடர் டேண்டம் பம்ப் மாத்தினப்புறம் நாள் முழுக்க ஓடி 57 டிகிரில நின்னுச்சு, பழைய சின்ன கூலரோடயே. முதல் 50 மணி நேரம் முடிஞ்சதும் ஃபில்டரைக் கழட்டி, தூக்கிப் போடாம, அறுத்துப் பிரிச்சு மடிப்பை எல்லாம் ஒரு வெள்ளைத் துணில விரிச்சுப் பாத்தேன். மெட்டல் பொடி கிட்டத்தட்ட இல்லவே இல்ல, பம்ப் நல்லா இருக்குன்னு நிம்மதி. ஆனா மடிப்பு முழுக்க கறுப்பா பொடிப்பொடியா ரப்பர். சீல் போச்சோன்னு பயந்து சிலிண்டர் எல்லாம் செக் பண்ணினேன், ஒண்ணும் இல்ல. அப்புறம்தான் புரிஞ்சுது, நாங்க ஹோஸை கட்டிங் வீல்ல வெட்டினப்போ உள்ள ஒட்டின தூள் அது, வெறும் காத்து அடிச்சா போயிடும்னு நினைச்சு அப்படியே மாட்டிட்டோம். இப்ப ஒவ்வொரு ஹோஸையும் வெட்டினதும் ரெண்டு பக்கத்துலேருந்தும் ஃபோம் உருண்டையை காத்துல சுட்டு வெளிய எடுத்துட்டு, கேப் போட்டு மூடித்தான் வெக்கறோம், முதல் உருண்டை எப்பவும் கறுப்பாத்தான் வருது.